பச்சை ஆங்கிலம்

மனித குலம் ஆங்கிலம் கற்கத் தொடங்கிய நாள் முதலாக அதன் வழியில் ஒரே ஒரு தடைதான் நின்றுகொண்டிருந்தது. அது மனித வாய். எத்தனையோ அறிஞர்கள் அந்தத் தடையோடு மல்லுக்கட்டிப் பார்த்தார்கள். இலக்கணம் எழுதினார்கள், அகராதி போட்டார்கள், பிரம்புகூட எடுத்தார்கள். வாய் மசியவில்லை. அந்த வாயை அடியோடு அப்புறப்படுத்திவிட்டு ஆங்கிலத்தை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்த பெருமை ஓர் உயர்நிலைப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவையே சேரும். அந்தச் சாதனைக்குக் குறுக்கே போய் நின்று, அதற்குத் தக்க தண்டனையும் பெற்ற ஓர் ஆங்கில ஆசிரியையின் கதை இது.

டீச்சரைப் பற்றிக் குறை சொல்வதற்கில்லை. நேரத்துக்கு வருவார். சாக்பீஸை மிச்சம் பிடிப்பார். விடைத்தாள்களை வீட்டுக்குச் சுமந்துபோய்த் திருத்துவார். ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான் அவரிடம் இருந்தது. பிள்ளைகளைப் பேசவிடுவார்.

அதிலும் வாரத்தில் ஒரு வகுப்பை இதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்தார். பிள்ளைகள் அதற்கு 'சண்டை பீரியட்' என்று பெயர் வைத்திருந்தார்கள். யார் மீது வேண்டுமானாலும் புகார் சொல்லலாம். பக்கத்துப் பெஞ்சு மீது, அண்ணன் மீது, டீச்சர் மீதே சொல்லலாம். ஆனால் ஆங்கிலத்தில்தான் சொல்ல வேண்டும். புகார் சொல்லப்பட்டவர் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்ல வேண்டும். தப்பாகப் பேசினால் சிரிக்கக் கூடாது, சிரித்தால் அதுவே அடுத்த புகார். பாடத்துக்காகத் திறக்காத வாய் சண்டைக்குத் தானாகத் திறக்கும் என்பதை டீச்சர் தன் இரண்டு பிள்ளைகளை வளர்த்ததில் தெரிந்துகொண்டிருந்தார்.

"ஹி சிட் மை சீட், டீச்சர்! எவ்ரிடே சிட்!" என்று ஒரு குரல் கத்தும். "சீட் நாட் யுவர் ஃபாதர் சீட்!" என்று இன்னொரு குரல் பாயும். அந்த வகுப்பில் 'வக்கீல்' என்று பட்டப்பெயர் வாங்கிய ஒரு பெண் இருந்தாள். ஆண்டு தொடக்கத்தில் பெயரைக் கேட்டாலே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றவள். சண்டை பீரியடுக்கு வந்தபிறகு தன் வழக்கோடு மற்றவர்கள் வழக்கையும் சேர்த்து நடத்த ஆரம்பித்திருந்தாள். அவள் பெஞ்சைத் தட்டி வாதாடுவதைப் பார்க்கும்போது டீச்சருக்கு வயிறு குளிரும். இதற்காகத்தானே இந்த வேலைக்கு வந்தோம் என்று தோன்றும்.

இந்த இருண்ட காலம் அதிக நாள் நீடிக்கவில்லை. பள்ளிக்கு டேப்லெட் வந்தது.

அதை வரவேற்கக் கூடிய ஆசிரியர் கூட்டத்தில் தலைமை ஆசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். "இன்னையிலேர்ந்து இது பள்ளிக்கூடம் இல்ல. 'டிஜிட்டல் கற்றல் வெளி'" என்று அறிவித்தார்.

"அப்ப பிரேயர் மணி வழக்கம்போல அடிக்கலாமா சார்?" என்று உடற்பயிற்சி ஆசிரியர் கேட்டார்.

"அடிக்கலாம். ஆனா டிஜிட்டல் உணர்வோட அடிக்கணும்."

இதையெல்லாம் கட்டி மேய்க்க ஒரு 'தொழில்நுட்ப ஒருங்கிணைப்பாளர்' வந்து சேர்ந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் எந்நேரமும் ஒரு சார்ஜர். யார் என்ன கேட்டாலும் "பாஸ்வேர்ட் போட்டீங்களா?" என்று திருப்பிக் கேட்பார். அதனால் பிள்ளைகளுக்கு அவர் 'பாஸ்வேர்ட் சார்' ஆகிவிட்டார். தங்கமான பையன். தொழில்நுட்பம் தப்பே செய்யாது என்று மனதார நம்பியவர்.

பிள்ளைக்கு ஒன்றாக டேப்கள் வந்தன. அதற்குள் ஓர் ஆங்கிலப் பேச்சுச் செயலி. அதில் ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் கேள்வி கேட்கும், பதிலையும் சொல்லிக்காட்டும். பிள்ளைகள் அந்தக் குரலுக்கு 'டேப் அக்கா' என்று பெயர் வைத்தார்கள். டேப் அக்கா சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அக்காவுக்குப் பிடித்தால் திரை பச்சையாகும். அரைகுறையாகப் பிடித்தால் மஞ்சள். பிடிக்காவிட்டால் சிவப்பாகி, 'மீண்டும் முயற்சி செய்க' என்று எழுத்து வரும். இந்தப் பச்சையும் சிவப்பும் கூட்டிக் கழிக்கப்பட்டு, தலைமை ஆசிரியர் அறையில் மாட்டிய பெரிய திரையில் வகுப்புக்கு ஒரு கட்டமாகத் தெரியும். அன்றுமுதல் தலைமை ஆசிரியர் எந்த வகுப்பைப் பற்றியும் "பிள்ளைங்க எப்படி?" என்று கேட்பதை விட்டுவிட்டார். "என்ன கலர்?" என்றுதான் கேட்டார்.

ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு சிவப்பாகவே இருந்தது. பிள்ளைகள் தலைகீழாக நின்றார்கள். தொண்டை கட்டும்வரை சொல்லிப் பார்த்தார்கள். டேப் அக்காவுக்கு ஒரு குரலும் பிடிக்கவில்லை. பக்கத்துப் பெஞ்சின் சத்தம் வேறு உள்ளே நுழைந்து சிவப்பை இன்னும் சிவப்பாக்கியது. வாரம் ஒருமுறை நடக்கும் சண்டை பீரியடில் அந்தத் திரை பட்ட பாட்டைச் சொல்லவே வேண்டாம்.

ஒருநாள் டீச்சர் டேப்பை வீட்டுக்குக் கொண்டுபோய், சமையலறை மேடையில் சாய்த்துவைத்து, தானே பேசிப் பார்த்தார். கல்லூரியில் பேச்சுப்போட்டிகளில் கோப்பை வாங்கிய குரல் அது. திரை சிவந்தது. இன்னும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். மறுபடி சிவந்தது.

அவர் கணவர் கண்ணாடிக் கடையில் கண் சோதனை செய்பவர். எதையும் பொறுமையாகப் பார்ப்பவர். மனைவி திட்டு வாங்குவதைச் சற்று ரசித்தபடியே மிக்ஸியைப் போட்டார். மிக்ஸி ஓடி நின்றதும் திரை மஞ்சளாக மாறியிருந்தது.

"பாத்தியா, மிக்ஸி உன்னைவிட நல்லா பேசுது" என்றார்.

"சிரிக்காதீங்க. எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு."

"இல்லம்மா, நிஜமாத்தான் சொல்றேன். நாளைக்கு மிக்ஸியை வகுப்புக்கு அனுப்பி வை. நீ வீட்ல இருந்து அரைச்சுக் குடு."

மறுநாள் டீச்சர் இந்த மிக்ஸி விவகாரத்தைப் பாஸ்வேர்ட் சாரிடம் சொன்னார். அவர் முகத்தில் இரக்கம் தெரிந்தது. "டேப் தப்பு பண்ணாது டீச்சர். உங்க வாய் பழைய வெர்ஷன்" என்றார்.

தலைமை ஆசிரியர் டீச்சரை அறைக்கு அழைத்தார். பெரிய திரையில் எல்லா வகுப்பும் பச்சையும் மஞ்சளுமாக இருக்க, 'ஆ' பிரிவு மட்டும் சிவந்து நின்றது.

"மதிப்பீட்டுக் குழு வரப்போகுது டீச்சர். இந்தச் சிவப்பை நான் எங்க கொண்டுபோய் ஒளிக்கறது?"

"பிள்ளைங்க பேசறாங்க சார். ஒரு தடவை வந்து கேளுங்களேன்."

"நான் கேட்டு என்ன ஆகப்போகுது? குழு காதால கேக்காது, கண்ணால பாக்கும்" என்றார் தலைமை ஆசிரியர். கோபமாகச் சொல்லவில்லை, கெஞ்சலாகத்தான் சொன்னார். "முதல்ல அந்தச் சண்டை பீரியடை நிறுத்துங்க. அதுக்கப்புறமும் பச்சை வரலைன்னா எனக்கு வேற வழி தெரியல. சார்ஜிங் ரூமைப் பாத்துக்க ஒரு ஆள் வேணும். உங்களைத்தான் போடணும்."

சார்ஜிங் ரூம் என்பது கட்டடத்தின் கோடியில், பழைய மேப்புகளும் உடைந்த நாற்காலிகளும் கிடந்த அறை. அங்கே ஒரு ரேக் முழுக்க ஒயர்கள். டேப்களைச் செருக வேண்டும், பிடுங்க வேண்டும், மறுபடி செருக வேண்டும். இத்தனை வருடம் பாடம் நடத்திவிட்டு ஒயர் செருகப் போவதா என்று டீச்சருக்கு வருத்தம்தான். அதைவிட, அந்த ஒரு பீரியட் போய்விட்டால் வக்கீல் மறுபடி சுவரைப் பார்க்கத் தொடங்கிவிடுவாளே என்ற பயம்தான் அவரைத் தூங்கவிடாமல் செய்தது. வகுப்பில் சொல்ல வேண்டாம் என்று நினைத்திருந்தார். ஆனால் சண்டை பீரியட் ஏன் இல்லை என்று பிள்ளைகள் துளைத்தெடுத்ததில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

அடுத்த நாள் அவர் வகுப்புக்குள் நுழைந்தபோது ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. ஆனால் அறை முழுக்கப் பேச்சு. ஒவ்வொரு பெஞ்சிலும் இரண்டிரண்டு டேப்கள் முகத்தோடு முகம் பார்த்தபடி சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒரு டேப் அக்கா நலம் விசாரித்தாள். எதிரே இருந்த டேப் அக்கா நலம் என்றாள். இரண்டு திரைகளும் பச்சையாயின. பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"என்ன இதெல்லாம்?"

வக்கீல் எழுந்தாள். "அக்காவுக்கு அக்கா குரல்தான் பிடிக்குது டீச்சர். அதான் அக்காவையே பேச வெச்சுட்டோம். சண்டையே வரல."

"ஏய், இது ஏமாத்து வேலை இல்லையா?"

"யாரை ஏமாத்தறோம் டீச்சர்? பேசறது டேப். கேக்கறது டேப். மார்க் போடறது டேப். மார்க் வாங்கறதும் டேப். இதுல நாங்க எங்க வந்தோம்?"

டீச்சர் கண்டிக்கத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அந்த நேரம் பார்த்து வக்கீல் குரலைத் தாழ்த்தி, "இதுங்க பேசி முடிக்கறதுக்குள்ள நாம கீழ சைக்கிள் ஷெட்டுக்குப் போய்ச் சண்டை போட்டுட்டு வந்துடலாம் டீச்சர். நேத்து என் சைக்கிள் டயர்ல காத்தைப் பிடுங்கிவிட்டது யாருன்னு எனக்குத் தெரியணும்" என்றாள்.

நேர்மையான ஆசிரியை என்றால் அந்த இடத்திலேயே தலைமை ஆசிரியரிடம் ஓடியிருக்க வேண்டும். டீச்சர் கதவை மெல்லச் சாத்திவிட்டுப் பிள்ளைகளோடு படி இறங்கினார்.

அதற்குப் பிறகு 'ஆ' பிரிவின் வளர்ச்சியைக் கண்டு பள்ளியே மூக்கின்மேல் விரல் வைத்தது. பெரிய திரையில் அந்தக் கட்டம் பச்சைப்பசேல் என்று ஆனது. பாஸ்வேர்ட் சார் அதைப் படம்பிடித்துத் தன் கைப்பேசி முகப்பில் வைத்துக்கொண்டார். தலைமை ஆசிரியர் டீச்சரைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சில் கைவைத்துத் தலையசைத்தார். டீச்சருக்குக் குற்ற உணர்வு இருந்தது உண்மைதான். ஆனால் ஷெட்டில் டயர் வழக்கு நடந்த விதத்தைப் பார்த்தால் அது எங்கே போனதென்றே தெரியாது. சாட்சிகள் ஆங்கிலத்தில் பொய் சொன்னார்கள். வக்கீல் அந்தப் பொய்யை ஆங்கிலத்திலேயே கையும் களவுமாகப் பிடித்தாள்.

மதிப்பீட்டுக் குழு சொன்ன நாளுக்கு வராமல், சொல்லாத நாளில் வந்தது. குழுத் தலைவர் பெரிய அனுபவசாலி. ஆயிரக்கணக்கான வகுப்பறைகளை வாசலில் நின்றே அளந்தவர். தலைமை ஆசிரியர் பெருமை பொங்க அவரை நேராக 'ஆ' பிரிவுக்கு அழைத்துப்போய்க் கதவைத் திறந்தார்.

உள்ளே ஒரு பிள்ளைகூட இல்லை. மின்விசிறிகள் சுற்றின. டேப்கள் ஒன்றையொன்று பார்த்தபடி வானிலையைப் பற்றி மிக மரியாதையாக உரையாடிக்கொண்டிருந்தன. திரைகள் மாறி மாறிப் பச்சையாயின.

தலைமை ஆசிரியரின் முகம் வெளிறியது. பாஸ்வேர்ட் சார் கையிலிருந்த சார்ஜர் கீழே விழுந்தது. குழுத் தலைவர் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, நெடுநேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.

"பிள்ளைங்க?" என்றார் கடைசியில்.

"சார்... அது வந்து... இது அடுத்த கட்டம் சார்" என்று பாஸ்வேர்ட் சார் வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"ஆள் இல்லாமயே இவ்வளவு சுத்தமா நடக்குதா?"

"முன்னாடி பிள்ளைங்க இருந்தாங்க சார். அப்ப எல்லாம் சிவப்பா இருந்துச்சு."

குழுத் தலைவர் உருகிப்போனார். "எத்தனையோ பள்ளி பாத்துட்டேன். எங்க போனாலும் இந்தப் பிள்ளைங்கதான் பிரச்சனை. ஒண்ணு பேனாவைத் தொலைக்கும், ஒண்ணு தண்ணி குடிக்கப் போகணும்கும். 'மாணவர் குறுக்கீடு இல்லாத வகுப்பறை'யை இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்று தலைமை ஆசிரியரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அந்தச் சமயத்தில் ஜன்னல் வழியாக ஒரு பெரும் கூச்சல் மேலே வந்தது. "லையர்! லையர்! யூ ஸ்டேண்ட் நியர் மை சைக்கிள், ஐ சீ!" குழு முழுவதும் ஜன்னலுக்குத் திரும்பியது. உரையாடிக்கொண்டிருந்த டேப்களில் சில அந்தக் கூச்சலைக் கேட்டுச் சிவந்தன. குழுத் தலைவரால் அதைப் பொறுக்க முடியவில்லை. விறுவிறுவென்று படி இறங்கினார்.

சைக்கிள் ஷெட்டில் டீச்சரைச் சுற்றிப் பிள்ளைகள் வட்டமாக நின்றிருந்தார்கள். குழுவைப் பார்த்ததும் சத்தம் அடங்கியது.

"என்ன நடக்குது இங்க?" என்றார் குழுத் தலைவர்.

"இங்கிலீஷ் வகுப்பு சார்" என்றார் டீச்சர். மாட்டிக்கொண்டது தெரிந்தது. ஆனாலும் பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"இங்கிலீஷ் வகுப்பு மேல நல்லா நடக்குதே!"

"மேல நடக்கறது டேப்களுக்கு சார். இது பிள்ளைங்களுக்கு."

தலைமை ஆசிரியர் தலையில் கைவைத்தார். "டீச்சர், உங்களை சார்ஜிங் ரூமுக்கு..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. வக்கீல் வட்டத்தைப் பிளந்துகொண்டு குழுத் தலைவர் முன்னால் வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது, சுவரைப் பார்க்கவில்லை, அவர் கண்ணைப் பார்த்தாள்.

"சார், மை டீச்சர் நோ மிஸ்டேக். வீ டிட் இட். யுவர் மெஷின் டோன்ட் நோ மீ. ஷி நோஸ் மீ. யூ வான்ட் பனிஷ், பனிஷ் மீ!"

தப்பு எங்களுடையது, இயந்திரத்துக்கு என்னைத் தெரியாது, டீச்சருக்குத் தெரியும், தண்டிப்பதென்றால் என்னைத் தண்டியுங்கள் என்று ஒரு பெண் முன்பின் தெரியாத ஓர் அதிகாரியிடம் ஆங்கிலத்தில் வாதாடிக்கொண்டிருந்தாள். டீச்சருக்குக் கண்ணில் நீர் முட்டியது. அவர் வாழ்நாளில் கேட்ட மிக நல்ல ஆங்கிலம் அதுதான்.

குழுத் தலைவர் பாஸ்வேர்ட் சார் பக்கம் திரும்பினார். "என்ன சொல்லுது இந்தப் பொண்ணு?"

பாஸ்வேர்ட் சார் கடமை தவறாதவர். அவள் வாய்க்கு நேராக ஒரு டேப்பை ஏற்கெனவே நீட்டிப் பிடித்திருந்தார். இப்போது திரையைப் பார்த்தார்.

"ஒண்ணும் சொல்லல சார்" என்றார். "சிவப்பு."

அதோடு விசாரணை முடிந்தது. சிறந்த ஆங்கிலப் பேச்சு வகுப்பறைக்கான விருது 'ஆ' பிரிவுக்கு அறிவிக்கப்பட்டது. விருதை மேடையேறி வாங்கிக்கொள்ள ஆசிரியரோ மாணவரோ வரத் தேவையில்லை என்றும், ஒரு டேப்பை அனுப்பினால் போதும் என்றும் குழு பெருந்தன்மையோடு தெரிவித்தது. டீச்சருக்குச் சார்ஜிங் ரூமில் 'மின்னூட்டப் பொறுப்பாசிரியர்' என்ற புதிய பதவி கிடைத்தது. ஆணையைக் கையில் வாங்கிய அன்று அவர் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். கணவர் அன்று எந்தக் கிண்டலும் செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

பள்ளியில் சீர்திருத்தம் வேகமாக நடந்தது. பிள்ளைகள் டேப்களை எதிரெதிரே வைத்துவிட்டுக் கைகட்டி அமரும் முறை எல்லா வகுப்புக்கும் விரிவுபடுத்தப்பட்டது. இதில் ஒரே ஒரு தொல்லைதான். நடுவில் எந்தப் பிள்ளையாவது வாய் திறந்தால் டேப்கள் குழம்பிச் சிவந்தன. பேசும் பிள்ளைகளை என்ன செய்வது? வெளியே நிறுத்தினால் சத்தம் ஜன்னல் வழியாக வருகிறது. பாஸ்வேர்ட் சார் பள்ளியின் வரைபடத்தை விரித்துவைத்து யோசித்து, டேப்களின் காதுக்கு எட்டாத ஒரே இடத்தைக் கண்டுபிடித்தார். வகுப்பில் பேசும் மாணவர்கள் தண்டனையாக அந்தப் பீரியட் முடியும்வரை சார்ஜிங் ரூமில் இருக்க வேண்டும் என்று உத்தரவு போடப்பட்டது.

வக்கீல் முதல் ஆளாக வந்து சேர்ந்தாள். "என்னடி பண்ணே?" என்று கேட்டார் டீச்சர்.

"ஒண்ணும் இல்ல டீச்சர். டேப் அக்காவுக்கு குட்மார்னிங் சொன்னேன்."

அவள் பின்னாலேயே டயர் வழக்கின் குற்றவாளி வந்தான். அப்புறம் சாட்சிகள் வந்தார்கள். சில நாளில் மற்ற வகுப்புப் பிள்ளைகளும் நாக்கு அரிக்கிறது என்று வந்து குவிந்தார்கள். உடைந்த நாற்காலிகளை உடற்பயிற்சி ஆசிரியர் ஆணி அடித்துக் கொடுத்தார். டீச்சர் ஒரு கையால் ஒயர் செருகிக்கொண்டே மறு கையால் வழக்குகளை விசாரித்தார். இந்த அறை எந்தத் திரையிலும் ஒரு கட்டமாகக்கூடத் தெரியாது. தண்டனை அறைக்கு யார் கலர் கேட்கப்போகிறார்கள்?

ஒரு மாலை, பிள்ளைகள் எல்லாரும் போனபிறகு, தலைமை ஆசிரியர் தயங்கித் தயங்கி அங்கே வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. ஒரு ஒயரை எடுத்துக் கையில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார்.

"டீச்சர், என் பொண்ணு நம்ம பள்ளியிலதான் பத்தாவது படிக்கறா. எல்லாம் பச்சை. ஒரு சிவப்பு கிடையாது" என்று தொடங்கினார்.

"நல்ல விஷயம்தானே சார்."

"மேல்படிப்புக்கு ஒரு நேர்காணலுக்குக் கூட்டிட்டுப் போயிருந்தேன். உட்காரவெச்சு இங்கிலீஷ்ல பேர் கேட்டாங்க. பையிலேர்ந்து டேப்பை எடுத்தா. அதெல்லாம் வேணாம், நீயே சொல்லும்மான்னாங்க." அவர் குரல் கம்மியது. "வாசல்ல நின்ன என்னையே பாத்தா டீச்சர். அப்படியே என்னையே பாத்துட்டு உட்கார்ந்திருந்தா. என்னால அங்க நிக்க முடியல."

டீச்சருக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "சரி சார், இப்ப நான் என்ன பண்ணணும்?"

தலைமை ஆசிரியர் வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவளுக்கும் கொஞ்ச நாள் தண்டனை குடுக்க முடியுமா?"

"இங்க வரணும்னா ஏதாவது குத்தம் பண்ணியிருக்கணுமே சார். அவ என்ன பண்ணா?"

"அதான் சொல்றேனே. வாயே திறக்க மாட்டேங்கறா."

டீச்சர் கையிலிருந்த ஒயரைச் செருகிவிட்டு நிமிர்ந்தார்.

"அதுக்கு நம்ம பள்ளியில தண்டனை கிடையாதே சார்" என்றார். "விருதுதானே குடுப்பீங்க?"